பனிக்காலத்தில் குதிரைக்கு என்ன தீனி?

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஜனவரி இரவுகள் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை போவது புதிதல்ல. அந்தக் குளிரில் வெட்டவெளியில் நிற்கும் குதிரையின் முதுகில் பனி விழுந்து படியும். மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு மனம் பதைக்கும். ஆனால் அந்தப் பனி உருகாமல் இருப்பதுதான் நல்ல சேதி. அதற்குச் சில விரற்கடை கீழே, குதிரையின் உடலுக்குள், 38 டிகிரியில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூடு மேலே இருக்கும் பனியை எட்டவில்லை என்றால், உரோமம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். முதுகில் பனி உருகி வழிகிற குதிரைதான் சூட்டை இழந்துகொண்டிருக்கிறது.

சூட்டைக் காப்பது உரோமம். சூட்டை உண்டாக்குவது தீனி. முதல் வேலையில் மனிதன் குறுக்கிடாமல் இருந்தாலே பெரும்பாலும் போதும். இரண்டாவது வேலை முழுக்க மனிதன் கையில் இருக்கிறது. லாயத்தில் கட்டிவைத்த குதிரை தன் தீனியைத் தானே தேடிக்கொள்ள முடியாது.

உரோமத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். குளிர்கால மயிர் குளிர் வந்த பிறகு முளைப்பதில்லை. ஜூன் 21-ஐத் தாண்டிப் பகல் குறையத் தொடங்கியதுமே குதிரையின் மூளை அதைக் கணக்கெடுத்துவிடுகிறது. இருட்டு நேரம் கூடக்கூட மெலடோனின் என்னும் ஹார்மோன் அதிக நேரம் சுரக்கிறது; வெயில் கொளுத்தும்போதே உடல் பனிக்காலத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது. அதேபோல் டிசம்பர் 21 கழிந்ததும், கடுங்குளிர் இன்னும் மிச்சமிருக்கும்போதே, மயிரை உதிர்ப்பதற்கான கட்டளை போய்விடுகிறது. லாயத்தில் தினமும் இரவு நெடுநேரம் விளக்கை எரியவிட்டால் குதிரை வசந்தம் வந்துவிட்டதாக எண்ணி மயிரைச் சீக்கிரமே கொட்டிவிடும். ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை உண்டு. குளிர் உறைத்ததும் மயிர் சிலிர்த்து நிற்கும். இடையில் காற்று சிறைப்படும். மழையில் நனைந்து மயிர் தோலோடு படிந்துவிட்டால் அந்தக் காற்று போயிற்று. காய்ந்த மைனஸ் 10 டிகிரியைக் குதிரை தாங்கிக்கொள்ளும். காற்றோடு மழை அடிக்கும் 4 டிகிரிதான் அதை நடுங்கவைக்கும்.

இப்படி உரோமம் போர்த்திய ஒரு குதிரை, கூடுதல் தீனி எதுவும் இல்லாமல் எவ்வளவு குளிர் தாங்கும்? ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு கீழ் எல்லை வெப்பநிலை இருக்கிறது. வெளியே குளிர் அந்த எல்லைக்கு மேலே இருக்கும்வரை, வழக்கமான செரிமானத்திலும் அசைவிலும் பிறக்கும் சூடே உடலுக்குப் போதும். அதற்குக் கீழே இறங்கினால், சூட்டுக்கென்றே தனியாகத் தீனியைச் செலவழிக்க வேண்டும். சஸ்காச்சுவானில் குளிருக்குப் பழகிய வளர்ந்த குதிரைகளுக்கு அந்த எல்லை மைனஸ் 15 டிகிரி என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். மிதமான தட்பவெப்பத்தில் வாழும் குதிரைக்கு அது 5 டிகிரி. இடையில் இருபது டிகிரி வித்தியாசம். அதில் பெரும்பங்கு பழக்கத்தால் வருவது. ஒரு குதிரை புதிய குளிருக்கு ஓரளவு பழகச் சுமார் மூன்று வாரம் ஆகும். இதமான ஊரிலிருந்து குளிர்ப் பிரதேசத்துக்கு நடுக்குளிர்காலத்தில் குதிரையை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குகிறவர்கள் அந்த மூன்று வாரத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எல்லைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆற்றல் தேவை ஏறக்குறைய 2.5 சதவீதம் கூடுகிறது. 500 கிலோ எடையுள்ள, வேலை ஏதும் செய்யாத குதிரை நாளுக்கு 8 கிலோ நல்ல உலர்புல் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கனடாக் குளிருக்குப் பழகியதாக இருந்தால், மைனஸ் 25 டிகிரியில் அதற்கு 10 கிலோ வேண்டும். அந்தக் கூடுதல் இரண்டு கிலோ புல்லாகவே இருப்பது நல்லது. ஏன் என்பது குதிரையின் வயிற்றுக்குள் போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

மாடு தின்றதை முதலில் நொதிக்கவைத்து, அசைபோட்டு, பிறகு செரிக்கிறது. குதிரைக்கு இந்த வரிசை தலைகீழ். அதன் இரைப்பை உடம்பின் அளவுக்குப் பொருந்தாமல் சிறியது. 10 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அங்கிருந்து தீனி 20 மீட்டர் நீளச் சிறுகுடலுக்குள் நுழைந்து சில மணி நேரத்தில் அதைக் கடந்துவிடுகிறது. சர்க்கரை, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாம் இந்த வழியிலேயே உறிஞ்சப்படுகின்றன. புல்லின் தண்டும் நாரும் மட்டும் பின்னால் போகின்றன. பின்னால் காத்திருப்பது சீக்கம் என்னும் பை: ஒரு மீட்டர் நீளம், சுமார் 30 லிட்டர் கொள்ளளவு. அதைத் தொடர்ந்து வரும் பெருங்குடல் அதைவிடப் பல மடங்கு பெரியது. இரண்டும் சேர்ந்தால் நூறு லிட்டரைத் தாண்டும். அந்த இடம் முழுக்க பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை. காற்றும் வெளிச்சமும் இல்லாத அந்த இடத்தில் அவை செல்லுலோஸைச் சிதைத்து அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. குதிரையின் குடல் அந்த அமிலங்களை உறிஞ்சி ஆற்றலாக்கிக்கொள்கிறது. புல்லை மட்டும் தின்று வாழும் குதிரைக்குத் தேவையான ஆற்றலில் பாதிக்கும் மேல் இப்படி வருவதுதான்.

இந்த வேலையில் சூடு பிறக்கிறது. மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் அடம்பிடிப்பதை நாம் அறிவோம். நுண்ணுயிர்களுக்குக் கதகதப்பு வேண்டும். குதிரையின் குடலுக்குள் அந்தக் கதகதப்பைக் குதிரை கொடுக்கிறது. புல்லைச் சிதைக்கும் வேலையில் நுண்ணுயிர்களும் சூட்டைத் திருப்பிக் கொடுக்கின்றன. சாயங்காலம் தின்ற புல் பின்குடலில் ஒன்றரை நாள் வரைகூடத் தங்கும். அத்தனை நேரமும் நொதித்துக்கொண்டே இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு, குளிர் உச்சத்தில் இருக்கும்போது, குதிரைக்குச் சூடு தருவது முந்தின நாள் தின்ற புல்தான். அனுபவமுள்ளவர்கள் பனிக்காலத்தில் கூடுதல் தீனியைச் சாயங்காலம் போடுவது இதனால்தான்.

மெல்லுவதற்கும் இதில் பங்கு உண்டு. ஒரு கிலோ உலர்புல்லைத் தின்று முடிக்க குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். தாடை சுமார் 3,000 முறை அரைக்கும். அதே எடை ஓட்ஸ் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மனிதனுக்குச் சோற்றைப் பார்த்தாலே எச்சில் ஊறும். குதிரைக்குத் தாடை அசைந்தால்தான் உமிழ்நீர் ஒழுங்காகச் சுரக்கும். இரைப்பையில் அமிலமோ நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கிறது. மெல்லுவதற்கு ஒன்றுமில்லாமல் பனிக்கால இரவு முழுக்கக் கட்டிக்கிடக்கும் குதிரைக்கு வயிற்றுப்புண் வருவதில் ஆச்சரியமில்லை. அது கட்டையையும் கதவையும் கடிக்கத் தொடங்கினால், பலரும் அதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்கிறார்கள். புல் போட வேண்டும்.

நம் ஊரில் கொள்ளு சூடு என்பார்கள். சளி பிடித்தால் கொள்ளு ரசம் வைப்பதும் அந்த நம்பிக்கையில்தான். மேற்கு நாடுகளில் மக்காச்சோளத்துக்கும் ஓட்ஸுக்கும் அதே பெயர். குளிர் கூடினால் தானியத்தைக் கூட்டு என்பது பல தேசத்து லாயங்களிலும் நெடுநாள் வழக்கம். தானியத்தில் ஆற்றல் அதிகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் மாவுச்சத்து சிறுகுடலிலேயே குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அந்த வழியில் உண்டாகும் சூடு குறைவு. வண்டி இழுக்கிற, ஓடுகிற குதிரைக்குத் தானியம் தேவைப்படும். சும்மா நின்று குளிரைத் தாங்குகிற குதிரைக்குத் தேவை நார்.

தானியத்தில் அளவு மீறினால் விபரீதமும் உண்டு. ஒரே வேளையில், குதிரையின் எடையில் கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து என்ற அளவைத் தாண்டினால், அதாவது 500 கிலோ குதிரைக்கு ஒரு கிலோவைத் தாண்டினால், சிறுகுடலால் அதைச் சமாளிக்க முடியாது. மிச்சம் பின்குடலுக்கு வழிந்துவிடும். அங்கே மாவுச்சத்தைத் தின்னும் பாக்டீரியா திடீரென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். நாரைச் சிதைக்கும் பாக்டீரியா மடியும். நச்சுகள் ரத்தத்தில் கலக்கும். அதன் விளைவு, வயிற்றிலிருந்து வெகுதூரத்தில், குளம்பில் தெரியும். குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய தகடுகள் வீங்கிப் பிரிந்துபோகும். உடம்பின் முழுப் பாரமும் அந்தத் தகடுகளில்தான் தொங்குகிறது. அவை விட்டுவிட்டால் குதிரைக்கு ஒவ்வொரு அடியும் நரகம். பாவம், குளிருகிறதே என்று ஒரு படி கூடுதலாகப் போட்ட அன்பு இப்படியும் முடியும்.

இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கோதுமைத் தவிட்டில் வெந்நீரை ஊற்றிப் பிசைந்து, ஆவி பறக்க, வாரம் ஒருமுறை குதிரைக்குக் கொடுப்பது. கொடுக்கிறவர் மனம் நிறையும், குதிரையும் விரும்பித் தின்னும். ஆனால் ஒரு வாளித் தவிட்டின் சூடு 500 கிலோ உடம்பில் சில நிமிடங்களில் காணாமல் போகிறது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தினமும் நிறையக் கொடுத்தால் குதிரையின் உடல் சமநிலைக்காக எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். முகத்தெலும்பு மென்மையாகிப் புடைக்கும். மாவு அரைவை ஆலைகளில் தவிடு தின்று வளர்ந்த குதிரைகளுக்கு வந்த நோய் இது. வாரம் ஒருமுறை என்றால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது: ஆறு நாள் பார்க்காத தீனியை ஏழாவது நாள் திடீரென்று கண்டால் குடல் நுண்ணுயிர்கள் தடுமாறும். எந்தத் தீனியையும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும். பனிக்காலம் தொடங்கும் நாளில் மேய்ச்சலிலிருந்து உலர்புல்லுக்குக் குதிரையைத் தள்ளுவதற்கும் இதே விதிதான்.

இனி தண்ணீர். பனிக்காலத்துத் தீனியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். என் பார்வையில் முதலில் பேச வேண்டியதே இதுதான். பச்சைப்புல்லில் எடைக்கு முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். மேய்ச்சலில் 40 கிலோ புல் தின்ற குதிரை 30 லிட்டருக்குக் குறையாத தண்ணீரை அறியாமலே குடித்துவிடுகிறது. உலர்புல்லில் தண்ணீர் 10 முதல் 15 சதவீதம். 10 கிலோ தின்றாலும் ஒன்று, ஒன்றரை லிட்டர்தான் சேரும். அதோடு ஒவ்வொரு கிலோ உலர்புல்லையும் மென்று விழுங்க மூன்று லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் செலவாகிறது. தண்ணீர் அதிகம் வேண்டிய நேரத்தில் தொட்டித் தண்ணீர் உறைந்துபோகிறது, அல்லது பல் கூசும் அளவுக்குச் சில்லிட்டுப்போகிறது. குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது.

பெருங்குடல் ஒரே நேர்க்குழாயாக இருந்திருந்தால் இதனால் பெரிய கேடு வராது. ஆனால் அது வயிற்றுக்குள் மடிந்து மடிந்து கிடக்கிறது. இடுப்பெலும்புக்கு அருகே ஓரிடத்தில் அது கொண்டை ஊசிபோல் வளைந்து, வளைந்த கையோடு குறுகவும் செய்கிறது. தண்ணீர் குறைந்த தீனி அங்கே வந்து இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைச் சுரண்டும், படுத்து உருளும். உடனே மருத்துவர் வராவிட்டால் உயிருக்கே ஆபத்து. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் கால்நடை மருத்துவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நோய் இது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 1990-களில் மட்டக்குதிரைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உறைநிலையை ஒட்டிய தண்ணீர் சில நாட்கள், சூடாக்கிய தண்ணீர் சில நாட்கள் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, குடித்ததை அளந்தார்கள். சூடாக்கிய தண்ணீரைக் குதிரைகள் ஏறக்குறைய 40 சதவீதம் அதிகமாகக் குடித்தன. இதைவிட ருசிகரமானது அடுத்தது. இரண்டு வாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, குதிரைகள் சில்லென்ற வாளியையே நாடின. ஆனால் மொத்தத்தில் குறைவாகக் குடித்தன. குதிரைக்குப் பிடித்ததும் குதிரைக்கு வேண்டியதும் ஒன்றாக இல்லை. ஆகவே பனிக்காலத்தில் வாளி ஒன்றுதான் இருக்க வேண்டும். அதில் குளிர்ச்சி போகச் சூடாக்கிய தண்ணீர் இருக்க வேண்டும்.

பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பழகிய குதிரை தீர்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு கிலோ பனியை உருக்கி உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 500 கிலோஜூல் செலவாகிறது. நாளுக்கு 20 கிலோ பனி தின்றால், ஒரு கிலோவுக்கும் மேலான உலர்புல் தரும் ஆற்றல் அதற்கே போய்விடும். வயிறு காயாத குதிரைக்கு அந்தச் செலவு தாங்கும். ஏற்கெனவே மெலிந்த குதிரைக்குத் தாங்காது.

உப்பைப் பற்றிச் சொல்ல அன்டார்க்டிகாவுக்குப் போக வேண்டும். 1908-இல் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 'நிம்ரோட்' கப்பலில் மஞ்சூரியக் குதிரைகளோடு ராஸ் தீவில் போய் இறங்கினார். நியூசிலாந்தில் ஏற்றியவை பத்து. கரை சேர்ந்தவை எட்டு. குடிலுக்கு அருகே எரிமலை மணல் பரந்த இடத்தில் அவற்றைக் கட்டினார்கள். கடல் தெறித்துத் தெறித்து அந்த மணலில் உப்பு ஏறியிருந்தது. தீனியில் உப்பு போதாத குதிரைகள் மணலை நக்கி நக்கி விழுங்கின. சீக்கிரமே சில ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அறுத்துப் பார்த்தால் வயிற்றில் கிலோக்கணக்கில் மணல். ஒரு மாதத்துக்குள் நான்கு போய், நான்குதான் மிஞ்சின. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு வேண்டிய உப்பு 25, 30 கிராம். இரண்டு மேசைக்கரண்டிக்குள் அடங்கிவிடும். உப்பு உள்ளே போனால்தான் தாகமும் எடுக்கும், தண்ணீரும் குடிக்கும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, தென்துருவத்தை நோக்கிக் கிளம்பிய ஸ்காட்டின் குழுவும் அதே தீவுக்குக் குதிரைகளோடு போனது. அவற்றைப் பார்த்துக்கொண்ட லாரன்ஸ் ஓட்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரி, நீண்ட துருவ இரவு முழுக்க லாயத்தில் அடுப்பு வைத்து அவற்றைக் காப்பாற்றினார். பயணத்தின்போது காற்றைத் தடுக்கப் பனியில் சுவர் எழுப்பினார்கள். ஆனால் ராஸ் தீவில் ஒரு புல்கூட முளைப்பதில்லை. ஒவ்வொரு கைப்பிடித் தீனியையும் கப்பலில் கொண்டுவந்து, பிறகு சறுக்குவண்டியில் இழுத்துப் போக வேண்டியிருந்தது. குழு கூட்டிவந்த நாய்களுக்கோ கடல்நாய் இறைச்சி அங்கேயே கிடைத்தது. 1911 டிசம்பரில், துருவத்துக்குப் பாதி வழியில், எஞ்சிய குதிரைகளைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அதே குளிரில், அதைவிடக் கொடிய குளிரில், ஒருவரும் தீனி போடாமல் வாழும் குதிரைகளும் உண்டு. ரஷ்யாவின் வடகிழக்கில் சாஹா குடியரசு. யகூத்தியா என்றும் சொல்வார்கள். அங்கே வெர்கோயான்ஸ்க், ஒய்மியாகோன் என்னும் ஊர்களில் குளிர் மைனஸ் 67 டிகிரியைத் தாண்டிய பதிவுகள் உண்டு. அந்த மண்ணின் குதிரை குட்டையானது. தோளுயரம் 140 சென்டிமீட்டருக்குள். குட்டைக் கால், பருத்த வயிறு, எட்டு சென்டிமீட்டருக்கும் நீளமான மயிர். லாயம் கிடையாது. பனிக்காலம் முழுக்க வெளியேதான்.

2015-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இந்தக் குதிரையின் வரலாற்றைத் திருப்பிப் போட்டது. 5,000 ஆண்டுகளுக்கு முன் அதே நிலத்தில் திரிந்த காட்டுக்குதிரைகளின் வாரிசுகளாக இவை இருக்கலாம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவை ஒப்பிட்டபோது அந்தக் காட்டு இனம் வேறு, அது அற்றுப்போய்விட்டது என்று தெரிந்தது. இன்றைய யகூத்தியக் குதிரைகள், 13-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை தெற்கிலிருந்து அங்கே குடியேறிய சாஹா மக்கள் ஓட்டிவந்த குதிரைகளின் வழிவந்தவை. எண்ணூறு ஆண்டுகளுக்குள், சுமார் நூறு தலைமுறைகளில், மயிர், உடலளவு, ஹார்மோன், வளர்சிதைமாற்றம் எல்லாவற்றையும் இந்தக் குளிருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருக்கின்றன. பரிணாமத்தின் கணக்கில் இது ஒரு கண்சிமிட்டும் நேரம்.

அவை தின்பதும் வியப்புக்குரியது. யகூத்தியாவில் நிலத்தடி உறைமண் ஆங்காங்கே உருகி அமிழ்ந்து வட்டமான பள்ளங்கள் உண்டாகின்றன. நடுவே ஏரி, சுற்றிலும் புல்வெளி. அலாஸ் என்கிறார்கள். கோடை முடிந்து, இலையுதிர்காலத்தில் முளைத்த இளம்புல் அங்கே பழுக்க நேரமில்லாமல், பச்சையாக இருக்கும்போதே உறைந்துபோகிறது. அதன் மேல் பனி மூடிவிடுகிறது. குளிரைத் தாங்க அந்தப் புல் தன் திசுக்களில் சேர்த்துவைத்த சர்க்கரையும் கொழுப்பு அமிலங்களும் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. குதிரை முன்குளம்பால் பனியைத் தோண்டும், அரை மீட்டர் ஆழம் வரைகூட. முதலில் ஓங்கிச் சில அடிகள்; பனி பெயர்ந்ததும் மூக்கை நுழைத்து, உதட்டால் துழாவி, பச்சையாக உறைந்த புல்லைக் கவ்வி இழுக்கும். ஒரு குழி தீர்ந்தால் ஒரு எட்டு நகர்ந்து அடுத்தது. மனிதர்கள் ஜூலையில் அறுத்துப் போர்போட்டு வைக்கும் உலர்புல் சினைக்குதிரைக்கும் நலிந்ததற்கும் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் பனிக்காலத்தின் கடைசியில்.

கடைசி வாரங்கள்தான் கொடியவை. கோடையில் சேர்த்த கொழுப்பு அப்போது தீர்ந்திருக்கும், பகலில் உருகிய பனி இரவில் இறுகிப் பாளமாகியிருக்கும், குளம்பு இறங்காது. மங்கோலியாவில் இப்படிப்பட்ட பேரழிவை ஜுத் என்கிறார்கள். 2009-10 பனிக்காலத்து ஜுத்தில் அங்கே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. பனியே பெய்யாத பனிக்காலமும் அங்கே அழிவுதான். தின்று தாகம் தீர்க்கப் பனி இருக்காது.

குளிருக்குப் பழகிய குதிரை இனங்கள் தீனியைத் தேடுவதோடு நிற்பதில்லை, செலவையும் சுருக்குகின்றன. வியன்னா ஆய்வாளர்கள் ஷெவால்ஸ்கி காட்டுக்குதிரைகளின் இதயத்துடிப்பை ஆண்டு முழுக்க அளந்தார்கள். பனிக்காலத்தில் துடிப்பு வெகுவாகக் குறைந்தது. தோலை ஒட்டிய வெப்பநிலை இரவில் இறங்கியது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஷெட்லாண்ட் மட்டக்குதிரைகளிடமும் இந்தச் சிக்கனம் தெரிந்தது. குளிர்காலத்தில் குதிரை கொஞ்சம் மெலிவது இயற்கையின் திட்டத்தில் உள்ளது என்பதற்கு இது சான்று. ஆண்டு முழுக்கக் கொழுகொழுவென்று வைத்திருப்பதை நல்ல பராமரிப்பு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் எவ்வளவு மெலியலாம்? கண்ணால் சொல்ல முடியாது. பனிக்கால மயிர் விலா எலும்பை மூடி ஏமாற்றிவிடும். கையுறையைக் கழற்றிவிட்டு, முழங்கைக்குச் சற்றுப் பின்னால் விரல்களைத் தட்டையாக வைத்து, மயிருக்குள் அழுத்தி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். விலா எலும்புகள் லேசான சதைக்கு அடியில் ஒன்றொன்றாகத் தட்டுப்பட்டால் சரி. அழுத்தியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு மிகுதி. எலும்புக்கிடையே விரல் பதிந்து இறங்கினால் குதிரை பட்டினி கிடக்கிறது. பிடரி, தோள், முதுகு, வாலடி ஆகிய இடங்களையும் இப்படித் தொட்டுப் பார்த்து, 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறையை 1983-இல் அமெரிக்காவில் ஹென்னெகி என்பவர் வகுத்தார். 5-ஐ ஒட்டி இருந்தால் நலம். பனிக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனை வேண்டும். கிழட்டுக் குதிரைக்கு இன்னும் அடிக்கடி வேண்டும். பல் தேய்ந்த குதிரை புல்லை மென்று மென்று விழுங்க முடியாமல் உருண்டையாக உமிழ்ந்துவிடும். அதற்கு நறுக்கிய புல்லையோ, சர்க்கரைப் பீட்ரூட் சக்கையையோ தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். ஊறும் தண்ணீரும் உள்ளே போகும்.

இதெல்லாம் எங்கோ தூரதேசத்துக் கதை என்று தமிழ்நாட்டு வாசகர் ஒதுக்க வேண்டியதில்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலை வெப்பம் பூஜ்யத்தைத் தொடுகிறது. மிதமான குளிருக்குப் பழகிய குதிரையின் எல்லை 5 டிகிரி என்றோம். ஏரிக்கரையில் நம்மைச் சுமந்து நடக்கும் குதிரைகள் அந்த எல்லைக்குக் கீழேதான் பல இரவுகளைக் கழிக்கின்றன. சில தெருவில் அவிழ்த்துவிடப்பட்டு, குப்பைத்தொட்டியில் வாய் வைக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது சாயங்காலம் இன்னொரு கட்டுக் காய்ந்த புல், வாளியில் குளிர்ச்சி போகச் சூடாக்கிய தண்ணீர், கைப்பிடிக்குள் அடங்கும் உப்பு. அடுத்த முறை மலைக்குப் போகிறவர்கள் குதிரையின் வாயில் பிரெட்டையும் பிஸ்கட்டையும் நீட்ட வேண்டாம். சவாரிக் கூலியில் பேரம் பேசவும் வேண்டாம். ஒரு புல்லுக்கட்டின் விலையைக் குதிரைக்காரரிடம் கூடுதலாகக் கொடுத்து, இன்று ராத்திரிக்குப் போடுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு வாருங்கள்.